கேம்பர் சமையல் மேடைக்கு அலங்காரக் காகிதம்: மேலே எபாக்ஸியா, பாலியூரிதேனா?

#1 சக்கரக்கூடு

எல்லோருக்கும் வணக்கம். பழைய கேம்பர் டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் வண்டி) ஒன்றை உள்ளே ஒவ்வொரு பகுதியாகச் சரிசெய்து வருகிறேன். இப்போது சமையல் மேடையின் முறை. பார்ட்டிகிள் போர்டின் மேல் மைக்கா ஒட்டிய மேடை. ஆட்டம் இல்லை, உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறம் மங்கிவிட்டது, அடுப்புப் பக்கம் பாத்திரம் சுட்ட வட்டத் தழும்பு ஒன்று, நிறையக் கத்திக் கீறல். சிங்க்கின் முன்விளிம்பில் கொஞ்சம் உப்பலும் தெரிகிறது.

பெயர்த்து எடுத்துப் புதிதாகப் போடலாம்தான். ஆனால் மேடைக்கு அடியில் அலமாரி, தண்ணீர்க் குழாய், கேஸ் லைன் எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. கல் பலகை எடை கட்டாது. அதனால் இருப்பதன் மேலேயே அலங்காரக் காகிதம் ஒட்டி, தெளிவான பூச்சு ஒன்று கொடுக்கலாம் என்று யோசனை. பழைய சாலை வரைபடங்கள் ஒரு கட்டு கையில் இருக்கிறது. வண்டிக்குப் பொருத்தமாக அதையே ஒட்ட ஆசை.

மைக்கா மேல் காகிதம் நிற்குமா? எந்தப் பசை? மேலே எபாக்ஸி (ஹார்டனர் கலந்ததும் இறுகும் ரெசின்) ஊற்றுவதா, பாலியூரிதேன் (பிரஷ்ஷில் அடிக்கும் தெளிவான வார்னிஷ்) அடிப்பதா? வண்டி வெயிலில் மூடிக் கிடக்கும், மோசமான சாலையில் குலுங்கும் என்பதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள். மேடை இரண்டு துண்டு. ஓரத்தில் கீல் வைத்து மடக்கும் பலகை ஒன்றும் உண்டு.

#2 உப்புத்தாள்

காகிதமா என்று யாராவது சிரிப்பதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். மைக்கா ஷீட்டே காகிதம்தான். பழுப்புக் கிராஃப்ட் காகித அடுக்குகளை ஃபினாலிக் ரெசினில் ஊறவைத்து, மேலே டிசைன் அச்சிட்ட காகிதத்தை மெலமைன் ரெசினில் ஊறவைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே தகடாக்குகிறார்கள். 1913இல் ஃபார்மிக்கா நிறுவனம் தொடங்கியபோது இது மின்காப்புப் பொருள். சமையல் மேடைக்கு வந்ததெல்லாம் அப்புறம்தான்.

நீங்கள் செய்யப்போவதும் அதே வேலை, பிரஸ் இல்லாமல். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அங்கே ரெசின் காகிதத்துக்குள் ஊறி ஒரே பொருளாகிவிடுகிறது. இங்கே மைக்கா, பிரைமர், பசை, காகிதம், பூச்சு என்று ஐந்தும் தனித்தனியாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எந்த அடுக்கு விட்டாலும் அதற்கு மேலே இருப்பது மொத்தமும் உரிந்து வரும். எபாக்ஸியா பாலியூரிதேனா என்று இந்த இழை இனி நீளப்போகிறது, தெரியும். உரிந்து வந்ததாக நான் பார்த்த மேடைகளில் பெரும்பாலும் விட்டது மேல்பூச்சு இல்லை, மைக்காவுக்கும் பசைக்கும் நடுவேதான்.

முதலில் அந்த உப்பல். சிங்க்கைக் கழற்றாமல் சுற்றி ஒட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கழற்றி, வெட்டுத் துளையின் உள்விளிம்பைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் அது தண்ணீர் குடித்த போர்டு. பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை ஊதினால், காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. துகள்களைப் பிடித்திருந்த பசை விட்டுப்போயிருக்கும். ஊதியதைச் செதுக்கி எடுங்கள், முழுக்கக் காயவிடுங்கள், எபாக்ஸி பட்டி போட்டு மட்டம் பண்ணுங்கள். சேதம் ஒரு கை அகலத்தைத் தாண்டிப் போயிருந்தால் பட்டியில் தீராது. அந்தத் துண்டுக்குப் புது பிளைவுட்தான்.

அடுத்து சிலிக்கான். சிங்க்கைச் சுற்றியும் சுவரோரத்திலும் இருக்கும் பழைய சிலிக்கானை, உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்பே பிளேடால் வழித்து எடுக்க வேண்டும். முதலில் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத படலமாக மேடை முழுக்கப் பரவிவிடும். அதன் மேல் எந்தப் பூச்சும் நிற்காது, குழி குழியாக விலகும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுப் பிசுக்கு எடுத்து, நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு துடைப்பு.

அதன் பிறகு 120 அல்லது 150ஆம் எண் உப்புத்தாள். பளபளப்பு போனால் போதும். அச்சு அடுக்கைத் தாண்டிப் பழுப்பு தெரியும் வரை தேய்க்காதீர்கள். அந்தத் தூசி மூக்குக்குள் போகக் கூடாது, முகக்கவசம் கட்டாயம். மேலே ஷெல்லாக் பிரைமர் (அரக்கு சார்ந்த அடிப்பூச்சு), அல்லது வழவழப்பான பரப்புக்கென்றே வரும் ஒட்டுப் பிரைமர் ஒரு கோட். வெள்ளையாக இருந்தால் நல்லது. ஏன் என்று பசைக்காரி சொல்வார்.

#3 பசைக்காரி

கூப்பிட்டதற்கு நன்றி உப்புத்தாள் அண்ணா. வெள்ளை ஏன் என்றால், காகிதம் நனைந்தால் கண்ணாடித்தன்மை வந்துவிடும். பசையோ ரெசினோ நாருக்குள் புகுந்ததும் அடியில் இருப்பது மேலே தெரியும். மேடையின் பழைய நிறமும் தெரியும், அந்தச் சூட்டுத் தழும்பும் தெரியும். சக்கரக்கூடு, உங்கள் வரைபடத்தின் பின்பக்கமும் அச்சு இருக்கிறதா? இருந்தால் அதுவும் முன்னால் எட்டிப் பார்க்கும். ஒரு தெருப்பட்டியல் கண்ணாடிப் பிம்பமாகக் கடலுக்கு நடுவே மிதக்கும்.

காகிதத்தை வாங்குவதற்கு முன்போ ஒட்டுவதற்கு முன்போ இரண்டு சோதனைகள். ஒரு சொட்டுத் தண்ணீரைப் பின்பக்கம் விடுங்கள். ஊறினால் பிவிஏ பசை (மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை) பிடிக்கும். முத்து முத்தாக நின்றால் அது பூச்சுக் காகிதம், அல்லது நனையாத பிளாஸ்டிக் வகை வரைபடம். பிளாஸ்டிக் வகையை இந்த வேலைக்கு மறந்துவிடுங்கள். அடுத்து, அச்சுப் பக்கத்தை ஈரத்துணியால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். அச்சகத்தில் அடித்தது பெரும்பாலும் அசையாது. லேசர் பிரிண்டும் அசையாது. வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்தது கரைந்து ஓடும். ஓடுகிற காகிதத்துக்கு முதலிலேயே தெளிவான அக்ரிலிக் ஸ்பிரே இரண்டு மென்கோட் அடித்துக் காயவைக்க வேண்டும்.

அப்புறம் எல்லோரும் தடுக்கி விழும் இடம், சுருக்கம். காகித நார் தண்ணீர் குடித்தால் தடிக்கும். அதனால் தாள் நார் ஓடும் திசையில் கொஞ்சமும், அதற்குக் குறுக்கே அதிகமும் விரியும். காய்ந்த தாளைப் பசை மேல் வைத்தால், வைத்த பிறகு விரியத் தொடங்கும், போக இடமில்லாமல் அலை அலையாக எழும். அதற்கு வால்பேப்பர் ஒட்டுகிறவர்கள் செய்வதையே செய்யுங்கள். பின்பக்கம் பசை தடவி, தாளைத் தளர்வாக மடித்துச் சில நிமிடம் விடுங்கள். விரிய வேண்டியதெல்லாம் விரிந்த பிறகு மேடைக்குக் கொண்டுபோங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பிளாஸ்டிக் அட்டையால் தள்ளுங்கள். மேடையிலும் ஒரு மெல்லிய பசைக்கோட் இருக்க வேண்டும்.

இரண்டு தாளை விளிம்போடு விளிம்பு சரியாக முட்ட வைக்காதீர்கள். விரிந்தது காயும்போது சுருங்கும், நடுவில் வெள்ளைக்கோடு திறக்கும். கொஞ்சம் மேலேற்றி ஒட்டுங்கள். கத்தரித்த விளிம்பைவிடக் கையால் கிழித்த விளிம்பு மேலேறுமிடத்தில் கண்ணுக்கு உறுத்தாது. கிழித்த இடத்தில் நார் மெலிந்து போகும் என்பதால் மேடு குறைவு. கிழிக்கும்போது வெள்ளை நார் தெரியாத பக்கமாக இழுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, டெகுபாஜ் (காகிதம் ஒட்டும் கைவினை) பசையையே மேல்பூச்சாக விட்டுவிடலாமா என்று யாராவது கேட்பீர்கள். படச்சட்டத்துக்குச் சரி. சமையல் மேடைக்குக் கூடாது. ஈரக்காற்றில் பிசுபிசுக்கும், வைத்த டம்ளர் ஒட்டிக்கொள்ளும்.

#4 சக்கரக்கூடு

பசைக்காரி, பின்பக்கம் முழுக்க அச்சுதான்! தண்ணீர் சோதனையில் மெதுவாக ஊறுகிறது. மடிப்புக் கோடுகளில் மை உதிர்ந்திருக்கிறது. இதை என்ன செய்வது?

#5 பசைக்காரி

மடிப்பை மிதமான சூட்டில் துணி போட்டு இஸ்திரி பண்ணுங்கள். உதிர்ந்த கோட்டை அப்படியே விடலாம். வரைபடம் என்றால் மடிப்பு இருக்கும், அதுவும் அழகுதான். பின் அச்சுக்கு வழி: பின்பக்கம் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் மெல்லிசாக அடித்துக் காயவைத்து அதன் மேல் பசை. ஆனால் தாள் விறைத்துப்போகும், ஒட்டும்போது முனைகளைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இன்னொரு வழி, நல்ல கனமான தாளில் லேசர் நகல் எடுத்து அதை ஒட்டுவது. அசல் பத்திரமாக இருக்கும். என்னைக் கேட்டால் நகல்தான்.

#6 கலவை

எபாக்ஸி பக்கம் நான் பேசுகிறேன். வரைபடத் துண்டுகளை மேலேற்றி மேலேற்றி ஒட்டப்போகிறீர்கள். பிரஷ்ஷில் அடிக்கும் எந்தப் பூச்சும் அந்த மேடுகளை மறைக்காது. விரல் வைத்தால் தட்டும், துடைக்கிற துணி மாட்டும். ஊற்றும் எபாக்ஸி தானாகவே சமனாகி 3 மில்லிமீட்டர் கனத்தில் நிற்கும், மேடு பள்ளம் எல்லாம் உள்ளே போய்விடும். கண்ணாடிக்கு அடியில் வரைபடம் வைத்தாற்போல இருக்கும்.

எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு சதுர மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் என்றால் 3 லிட்டர், ஏறக்குறைய 3.3 கிலோ. அதே பரப்புக்கு 20 மில்லிமீட்டர் கிரானைட் 50 கிலோவைத் தாண்டும்.

செய்முறையில் நான் வலியுறுத்துவது சில. காகிதத்தின் மேல் நேராக ஊற்றாதீர்கள். நார்களுக்குள் இருக்கும் காற்று குமிழ் குமிழாக வந்துகொண்டே இருக்கும், ரெசின் ஊறிய இடம் திட்டுத் திட்டாகக் கறுக்கும். முதலில் பசையோ நீர்சார் பாலியூரிதேனோ இரண்டு மென்கோட் அடித்துக் காகிதத்தின் வாயை அடைக்க வேண்டும். அல்லது எபாக்ஸியையே பிரஷ்ஷில் மெல்லிய கோட்டாக அடித்து, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே அடுத்ததை ஊற்ற வேண்டும். அப்போது இரண்டும் வேதியியலாகவே பிணையும். முழுக்க இறுகிய பிறகு என்றால் உப்புத்தாள் போட்டுத் துடைத்த பிறகுதான் அடுத்தது. எத்தனை மணிநேரம் என்பது டப்பாவில் இருக்கும், அதைப் பார்த்துச் செய்யுங்கள்.

கலக்கும்போது ரெசினும் ஹார்டனரும் டப்பாவில் போட்ட விகிதத்தில். ஊற்று வகைகளில் பல, கன அளவில் சமத்துக்குச் சமம். கன அளவு என்று போட்டிருந்தால் தராசில் வைக்காதீர்கள், இரண்டின் அடர்த்தியும் ஒன்றல்ல. மெதுவாகக் கலக்குங்கள், பக்கங்களையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். பிறகு வேறு சுத்தமான வாளிக்கு மாற்றி இன்னொருமுறை கலக்குங்கள். முதல் வாளியின் சுவரில் ஒட்டிய கலக்காத ரெசினை மேடையில் வழித்துவிட்டால் அந்த இடம் ஒருநாளும் இறுகாது. கலந்ததை வாளியிலேயே வைத்திருக்கவும் கூடாது. மொத்தமாக இருக்கும்போது தன் சூட்டில் தானே வேகமாக இறுகும், அதிகமானால் புகையும். பரப்பிவிட்டால் சூடு கலைந்துவிடும்.

கேம்பருக்கே உரிய ஒன்று. ஊற்றுவதற்கு முன் மேடையில் ரசமட்டம் வைத்து வண்டியை ஜாக்கியில் சமன் பண்ணுங்கள், நான்கு மூலைக் கால்களையும் இறக்குங்கள். ரெசின் வண்டியின் சாய்வைப் பார்க்கும், உங்கள் கண்ணைப் பார்க்காது. மறுநாள் வரை யாரும் உள்ளே ஏறி நடக்கக் கூடாது.

#7 பழையவண்டி

கலவை சார் சொன்னதில் எதையும் மறுக்கவில்லை, வீட்டு மேசையாக இருந்தால். கேம்பருக்கு நான் எபாக்ஸி சொல்ல மாட்டேன். மூன்று காரணம்.

சூடு. ஊற்றும் வகை எபாக்ஸிகளில் பெரும்பாலானவை 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டிக்குள், ஜன்னல் வழியாக நேர்வெயில் விழும் மேடைப் பரப்பு அந்தச் சூட்டை எட்டுவது அதிசயமில்லை. அப்போது மேலே ஒரு பெட்டி இருந்தால் அதன் அடித்தடம் பதியும்.

வெளிச்சம். எபாக்ஸி புற ஊதாக் கதிரில் மஞ்சளாகும். கேம்பரில் சமையல் மேடை எங்கே இருக்கிறது? ஜன்னலுக்குக் கீழேதான். டப்பாவில் புற ஊதாத் தடுப்பு என்று எழுதியிருந்தால் மெதுவாக மஞ்சளாகும், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். வண்டியின் உடல் ஓடும்போது முறுக்கிக்கொள்ளும். மேடை இரண்டு துண்டு என்கிறார். அந்த இணைப்பின் மேல் ஒரே தகடாக ரெசின் ஊற்றினால், இணைப்பு அசையும் இடத்தில் நேர்க்கோடாக விரிசல் விழும். விரிசல் விழுந்த ரெசினுக்குள் தண்ணீர் போனால் அடியில் உள்ள காகிதம் வெண்திட்டாகும், அதைத் திறந்து சரிசெய்யவே முடியாது. பாலியூரிதேன் மெல்லிய படலம், கொஞ்சம் வளையும். தேய்ந்தால் 220ஆம் எண் உப்புத்தாள் போட்டு மேலே இன்னொரு கோட். முடிந்தது.

நீர்சார் பாலியூரிதேன், குறிப்பாகத் தரைக்குப் போடும் இருபகுதி வகை (ஹார்டனர் கலந்து அடிப்பது), நல்ல கடினம், மஞ்சளாகாது. எண்ணெய் சார்ந்தது முதல் நாளிலேயே தேன்நிறம் கொடுக்கும். பழைய வரைபடத்துக்கு அது சிலருக்குப் பிடிக்கும், அது ரசனை. நான்கைந்து மென்கோட், நடுவில் லேசான தேய்ப்பு.

#8 கலவை

விரிசல் விஷயம் சரி. அதற்குத்தான் இணைப்பில் ஊற்றாமல், இரண்டு துண்டையும் தனித்தனியாக ஊற்றி நடுவே வளையும் சீலன்ட் விடுவது. மஞ்சளுக்கும் வழி உண்டு. எபாக்ஸி இறுகியதும் லேசாகத் தேய்த்து, புற ஊதாவைத் தாங்கும் பாலியூரிதேன் ஒரு கோட் மேலே. சூட்டுக்கு என்னிடம் பதில் இல்லை, அது உண்மை. ஆனால் உங்கள் பாலியூரிதேன் மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தாங்குமா?

#9 பழையவண்டி

தாங்காது. எந்தப் பூச்சும் தாங்காது, அதற்குப் பிரிமணை. நான் சொல்வது மூடிக் கிடக்கும் வண்டியின் சூட்டை.

#10 வழிப்போக்கன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பின்னால் தாள் உரித்து ஒட்டுகிற வினைல் ஸ்டிக்கர் ரோல் கிடைக்கிறதே. ஒரு மதியத்தில் முடியும் வேலையை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறீர்கள்?

#11 உப்புத்தாள்

ஒரு பருவத்துக்கு ஓட்டி, அடுத்ததில் உரித்துப் போடலாம் என்றால் தாராளமாக ஒட்டுங்கள், தப்பே இல்லை. வாடகை வண்டிக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் வினைல் சூட்டில் சுருங்கும், ஓரம் பின்வாங்கும், வெளியே வந்த பசையில் அழுக்கு ஒட்டிக் கருங்கோடாகும். கத்தி பட்டால் கிழிசல்தான். அதன் மேல் எபாக்ஸி ஊற்றலாமா என்று அடுத்துக் கேட்காதீர்கள். அப்போது உங்கள் எபாக்ஸி நிற்பது மைக்கா மேல் இல்லை, ஸ்டிக்கர் பசையின் மேல்.

#12 வழிப்போக்கன்

அதைத்தான் கேட்க வந்தேன். சரி.

#13 இழைக்காவலர்

இழையைப் படித்துக்கொண்டு வந்தேன். பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஷெல்லாக் பிரைமர் ஆல்கஹாலில் கரைத்தது, எளிதில் தீப்பற்றும். எண்ணெய் சார்ந்த பாலியூரிதேனின் ஆவியும் அப்படியே. கேம்பர் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் நெருப்பு இருக்கும் இடங்கள் நிறைய: கேஸில் ஓடும் ஃபிரிட்ஜின் பர்னர், வாட்டர் ஹீட்டரின் பைலட் சுடர், அடுப்பு, ஹீட்டர். இந்த ஆவிகள் காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்துபோய் ஃபிரிட்ஜ் பர்னர் இருக்கும் உயரத்தில்தான் சேரும். அதனால் வேலை தொடங்குவதற்கு முன் ஒவ்வொன்றாக அணைப்பதோடு நிற்காமல் சிலிண்டர் வால்வையே மூடுங்கள். கதவு, ஜன்னல், கூரை வென்ட் எல்லாம் திறந்திருக்கட்டும்.

எண்ணெய் சார்ந்த பூச்சைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடாகித் தானே பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயவிட்டுப் பிறகு போடுங்கள்.

எபாக்ஸியில் வாடை குறைவு என்பதால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. இறுகாத ரெசினும் ஹார்டனரும் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கமே போக முடியாது. நைட்ரைல் கையுறை போடுங்கள். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் மட்டும். தின்னரால் துடைத்தால் ரெசினைத் தோலுக்குள் தள்ளுகிறீர்கள். குமிழ் உடைக்க நெருப்பு வரும் கேஸ் டார்ச் ஏற்றுகிறவர்களுக்கு: வண்டிக்குள் திரைத்துணி, மாஸ்கிங் டேப், காகிதம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். ஹீட் கன் போதும், அதையும் ஒரே இடத்தில் காட்டாதீர்கள்.

#14 சக்கரக்கூடு

எல்லோருக்கும் நன்றி. சிங்க்கைக் கழற்றிப் பார்த்தாகிவிட்டது. முன்விளிம்பில் விரல் அகலத்துக்கு மட்டும் ஊதியிருக்கிறது, குத்தூசி கொஞ்சம்தான் இறங்குகிறது. மற்ற மூன்று பக்கமும் கெட்டி. பட்டி வேலையிலேயே முடியும் போலிருக்கிறது.

இப்போது விளிம்பைப் பற்றிக் கேட்க வேண்டும். மேடையின் முன்விளிம்பில் அலுமினியப் பட்டை ஒன்று திருகியிருக்கிறது. காகிதத்தை அதன் அடிவரை மடக்கி ஒட்டுவதா, மேலேயே வெட்டி நிறுத்துவதா?

#15 உப்புத்தாள்

பட்டையைக் கழற்றுங்கள். அதற்குப் பின்னால் எத்தனை வருட அழுக்கு இருக்கிறதோ. காகிதத்தை மூலையில் மடக்கி முன்முகத்தில் இறக்கி ஒட்டுங்கள், பூச்சும் அதன் மேல் போகட்டும், எல்லாம் நன்றாக இறுகிய பிறகு பட்டையைத் திரும்பத் திருகுங்கள். வெட்டு விளிம்பு பட்டைக்கு அடியில் ஒளிந்துவிடும். மூலையைக் கூராக விடாமல் உப்புத்தாளால் லேசாக உருட்டிவிடுங்கள். கூர்மூலையில் காகிதமும் கிழியும், பூச்சும் விலகி மெலியும்.

சிங்க் துளையில் இன்னும் கவனம். காகிதத்தைத் துளைக்குள் கொஞ்சம் மடக்கி இறக்கி, உள்ளே தெரியும் பூச்சில்லாத போர்டு முழுவதற்கும் பூச்சை ஊறும் வரை அடியுங்கள். பார்ட்டிகிள் போர்டின் வெட்டு முகம் முதல் கோட்டை அப்படியே குடித்துவிடும், இரண்டாவதையும் குடிக்கும். குடிப்பதை நிறுத்தும் வரை அடியுங்கள். பிவிஏ காய்ந்த பிறகும் தண்ணீரில் வெளுத்து இளகும். தண்ணீர் மேல்பரப்பைத் துளைத்துக்கொண்டு வராது, இந்த விளிம்பு வழியாகத்தான் வரும்.

#16 பசைக்காரி

குமிழ் எங்காவது நின்றுவிட்டால், பூச்சு அடிப்பதற்கு முன் மெல்லிய பிளேடால் அச்சுக் கோடு ஒன்றின் மேலேயே சின்னக் கீறல் போடுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சாலோ பல்குச்சியாலோ பசை விட்டு, பட்டர் பேப்பர் போட்டு அழுத்துங்கள். வரைபடத்தில் கோட்டுக்கா பஞ்சம்.

இன்னொன்று. பசை வெளியே காய்ந்ததாகத் தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். கீழே மைக்கா, அது ஈரத்தை உறிஞ்சாது. போக ஒரே வழி மேலேதான். நன்றாகக் காயும் முன் பூச்சு அடித்து அந்த வழியை அடைத்தால் அப்புறம் குமிழ்களைத் தேடித் தேடிக் கீற வேண்டியதுதான். ஈரக்காற்றுள்ள நாளில் இன்னும் ஒரு நாள் கூட விடுங்கள்.

#17 கலவை

சக்கரக்கூடு, இத்தனை பேர் இத்தனை சொன்னதும் குழப்பமாகத்தான் இருக்கும். ஒரு யோசனை: தேவையில்லாத மைக்கா பலகை ஒன்றை எடுத்து, மேடைக்குச் செய்யப்போவதை வரிசை மாறாமல் அதில் செய்யுங்கள். பாதியில் எபாக்ஸி, பாதியில் பாலியூரிதேன். இறுகியதும் சுடுநீர் டம்ளர் வையுங்கள், ஈரத்துணியைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள், வெயிலில் வண்டிக்குள்ளேயே போட்டு மேலே கனமாக எதையாவது வையுங்கள். குறுக்காகக் கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சதுரங்கள் டேப்போடு வந்தால் உங்கள் பிரைமர் சரியில்லை.

#18 சக்கரக்கூடு

பலகைச் சோதனை முடிந்தது. கலவை சாருக்கு நன்றி, இது இல்லாமல் நேராக மேடையில் இறங்கியிருந்தால் முடிவே எடுத்திருக்க மாட்டேன்.

டேப் சோதனையில் இரண்டு பாதியிலும் ஒரு சதுரம்கூட வரவில்லை. ஷெல்லாக் பிரைமர் நன்றாகப் பிடித்திருக்கிறது. பார்வைக்கு எபாக்ஸிப் பாதிதான் அழகு, சந்தேகமே இல்லை. மேலேற்றிய இடங்கள் தெரியவே இல்லை. பாலியூரிதேன் பாதியில் கிழித்த விளிம்புகள் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரிகின்றன, விரலுக்கும் தட்டுகின்றன. ஈரத்துணி இரண்டையும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வெயிலில் வண்டிக்குள் கனம் வைத்த இடத்தில் எபாக்ஸி மேல் மங்கலான தடம் பதிந்தது. சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது. பாலியூரிதேனில் இல்லை.

அதனால் நீர்சார் இருபகுதி பாலியூரிதேன் என்று முடிவு செய்கிறேன். மடக்குப் பலகைக்கும் அதுதான் தோது. 3 மில்லிமீட்டர் கனம் ஏறினால் கீல் பக்கம் முட்டும், இப்போதே இடைவெளி குறைவு. மேலேற்றும் மேடுகளைக் குறைக்க, சின்னத் துண்டுகளாகக் கிழிக்காமல் பெரிய லேசர் நகல்களாக ஒட்டப்போகிறேன். இணைப்பு மொத்தமே இரண்டு இடத்தில்தான் வரும், இரண்டையும் துண்டுகள் சேரும் கோட்டிலும் அடுப்பின் ஓரத்திலும் விழும்படி அமைத்திருக்கிறேன். அடுப்புப் பக்கம் எவர்சில்வர் தகடு ஒரு பட்டை.

#19 கலவை

உங்கள் வண்டி, உங்கள் முடிவு. வெயிலில் நிற்காத வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால், எபாக்ஸி தோற்றுவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

#20 பழையவண்டி

நல்ல முடிவு. ஒரு எச்சரிக்கை. பாலியூரிதேன் இரண்டு மணிநேரத்தில் கைக்குக் காய்ந்துவிடும், முழுக் கடினம் வர மூன்று நான்கு வாரம்கூட ஆகும். மறுநாளிலிருந்து மெதுவாகப் புழங்கலாம். ஆனால் ரப்பர் பாய், ஈரப் பாத்திரத் தட்டு, அடியில் ரப்பர் கால் உள்ள பொருள் எதையும் அந்த வாரங்களில் மேலே விட்டுவைக்காதீர்கள். இருபகுதி வகை சீக்கிரம் இறுகும், இருந்தாலும் டப்பாவில் சொன்ன காலம் வரை பொறுங்கள். கலந்ததை மறுநாளுக்கு மிச்சம் வைக்க முடியாது, வேண்டிய அளவு மட்டும் கலக்குங்கள்.

#21 சக்கரக்கூடு

சிங்க்கைத் திரும்ப வைப்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். பழையதில் பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டும் சீல் பட்டை) இருந்தது. அதையே போடலாமா, சிலிக்கானா? கிளிப்புகளை எவ்வளவு இறுக்குவது?

#22 உப்புத்தாள்

சிலிக்கான். பியூட்டைலும் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் சூட்டில் இளகி ஓரத்தில் பிதுங்கி அழுக்குப் பிடிக்கும். பூச்சு முழுக்க இறுகிய பிறகு சிங்க்கின் விளிம்புக்கு அடியில் இடைவெளி விடாமல் ஒரு கோடு இழுங்கள், சிங்க்கை இறக்குங்கள். கிளிப்புகளை எதிரெதிர் மூலையாகக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள், சிலிக்கான் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடக் கூடாது. நடுவே மெல்லிய படலம் நின்றால்தான் குலுங்கும்போது சிங்க் விளிம்பு பூச்சை அரைக்காது. மறுநாள் சிலிக்கான் காய்ந்ததும் கிளிப்பில் கால் திருப்பு. பிதுங்கியதை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள். அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், கிளிப் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்.